தளபதியின் நிழல்

எங்கள் படையில், போருக்கு முன் ஒவ்வொருவரும் தன் நிழலைக் கழற்றி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நிழலை யாராவது மிதித்துவிட்டால் அதற்குரியவர் எங்கிருந்தாலும் விழுந்துவிடுவார். தளபதியின் நிழல் எல்லாப் போர்களிலும் என் கவசத்துக்குள்தான் இருந்தது. ஈரத்துணி போல நெஞ்சில் குளிர்ந்திருக்கும். இன்று காலை அவள் அதை மடித்து, போன மழைக்காலத்தில் வந்து சேர்ந்த எயினனிடம் கொடுத்தாள். நான் கையை நீட்டியபடி நின்றிருந்தேன்.

"கையை மடக்குய்யா, பிச்சை போட்டுரப் போறாங்க" என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

சற்று நேரத்தில் எயினன் என்னைத் தேடி வந்தான். கழற்றிய தன் நிழலைக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணே, இதை நீங்க வச்சுக்கங்க."

"உனக்குத்தான் தளபதியே இருக்காங்களே."

"அவங்கதான் உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க. உங்களைவிடப் பத்திரமான ஆள் படையிலேயே இல்லையாம்."

"அப்புறம் ஏன் அவங்களோடதை உன்கிட்ட கொடுத்தாங்க?"

அவன் காது சிவந்தது. "அதை அவங்களையே கேளுங்கண்ணே."

முரசு ஒலித்தது. நிழலை என் கையில் திணித்துவிட்டு அவன் ஓடினான். சரியாக மடிக்கத் தெரியாதவன். அவன் நிழல் என் கையிலிருந்து நழுவித் தரையில் முழுதாக விரிந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். நான் வலது காலைத் தூக்கினேன். அவன் விழுந்தால், அவன் கவசத்துக்குள் இருக்கும் அவள் நிழலும் களத்தில்தான் கிடக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. படை நகரத் தொடங்கிவிட்டது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.