ஆறுதல் வகுப்பு

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. அவரை நான் கிட்ட இருந்து பார்க்கணும்.”

கையில் சின்னப் பரிசுப் பொட்டலத்தோடு நின்றாள் அந்தப் பெண். நிதி ஆலோசகர்கள் மாநாட்டில் முன்வரிசைக்கு இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறவளை பிரீமியம் அக்கா இப்போதுதான் பார்க்கிறாள்.

கண்ணில் பட்டவர்களையெல்லாம் மடக்கிப் பாலிசி விற்றதில் தொழில் வட்டாரம் அவளுக்கு வைத்த பெயர் அது. மாநாடு என்றால் அவளுக்கு ஏசி, ஓசிப் பை, மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். மேடையில் பேச ஆரம்பித்தால் தூங்கிவிடுவாள்.

இன்று தூங்க முடியாது. அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். நாளை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வரப்போகும் பாலிசிப் பணத்தை வேறு எவனாவது முதலீட்டுக்கென்று கொத்திக்கொண்டு போவதற்குள் அவர் மனைவியைப் பேசிப் பிடிக்க வேண்டும். ‘துக்க வீட்டில் பேசுவது எப்படி’ என்பதுதான் இன்றைய கடைசி வகுப்பு.

“யாருக்கும்மா கிஃப்ட்டு?”

“இப்பப் பேசப் போறாரே, அவருக்குத்தான். ஒரு பேனாக்கா, பெரிசா ஒண்ணுமில்ல. அவர் எனக்கு ஒரு உதவி பண்ணார். வருஷக்கணக்காச்சு, இன்னும் நன்றிகூட சொல்லல.”

“நல்ல லாபம் பார்த்துக் குடுத்தாரோ?”

“பணமெல்லாம் வந்த வழியே போயிடுச்சுக்கா. அவர் குடுத்தது வேற ஒண்ணு. அதை வெச்சுத்தான் நான் இன்னிக்கு உயிரோட இருக்கேன். அவரை மாதிரி ஆகணும்னுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தொழிலில் இப்படியும் ஒரு அசடா!

பயிற்சியாளர் மேடையேறினார். மடிப்புக் கலையாத கோட்டு, குழைந்த குரல்.

“அழுதா அழ விடுங்க. குறுக்கே பேசாதீங்க. பையைத் திறக்காதீங்க. தண்ணி குடுத்தா ஒரு வாய் குடிச்சிட்டு, தரையைப் பார்த்து உக்காருங்க. சொன்னாப் புரியாது, செஞ்சே காட்டறேன். யாராவது ஒரு மேடம் மேலே வாங்க. நீங்க இப்ப வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவங்க.”

மண்டபத்தில் ஒருத்தியும் அசையவில்லை. விளையாட்டுக்குக்கூட யார் அந்த வேஷத்தைப் போடுவாள்? பக்கத்தில் இருந்தவள் மட்டும் சட்டென்று எழுந்தாள்.

“இதை வெச்சிருங்கக்கா. முடிஞ்சதும் குடுத்துக்கறேன்” என்று பொட்டலத்தை அக்காவின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

மேடையில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கூட்டம் மொத்தத்துக்கும் சிரிக்கிற பொதுச் சிரிப்பு அது. எதிர் நாற்காலியில் அமர்ந்து தரையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“அம்மா... உங்ககிட்டச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. போன வாரம் உங்க வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். பேச்சு முழுக்க உங்களப் பத்தித்தான். ‘கோவத்துல என்னென்னவோ சொல்லிட்டேன் சார், அவமேல ஒரு தப்பும் இல்ல’ன்னு கண் கலங்கினார்.”

அவள் முகம் வெளுத்தது.

“நிஜமாவே... வந்தாரா சார்?”

உடைந்துபோன அந்தக் குரலைக் கேட்டு மண்டபமே கை தட்டியது. என்ன நடிப்பு, என்ன நடிப்பு! அக்காவும் விசிலடிக்காத குறையாகத் தட்டினாள்.

“பார்த்தீங்களா? இப்படித்தான் கேப்பாங்க!” பயிற்சியாளர் துள்ளி எழுந்தார். “அசராம ‘ஆமாம்மா’ன்னு சொல்லுங்க. புருஷன் பொண்டாட்டி சண்டை இல்லாத வீடு ஏது? எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். வந்தாரா வரலையான்னு யார் போய் அவரைக் கேக்க முடியும்?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அக்கா நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் அந்த வார்த்தைகளை அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள். நாளைக்கு ஆகும்.

“சொல்லுங்க மேடம், உங்களுக்கு எப்படி இருந்தது?”

“நம்பிட்டேன் சார்” என்றாள் அவள்.

கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அவள் இறங்கி வந்து இருக்கையில் விழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“அசத்திட்டே போ! இந்தா, போய்க் குடு, அவர் கிளம்பறார்” என்று அக்கா பொட்டலத்தை நீட்டினாள்.

“வேண்டாம்க்கா. நீங்களே வெச்சுக்குங்க.”

“ஏம்மா? அப்படி என்னதான் குடுத்தார் அவர் உனக்கு? அதைச் சொல்லவே இல்லையே.”

அவள் அக்காவின் மடியில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

“என்னோட பேசறதையே விட்டிருந்த என் வீட்டுக்காரர் திடீர்னு செத்துப்போனப்போ, எங்க வீட்டுல வந்து உக்காந்து இவர் சொன்ன வார்த்தைங்கதான்க்கா. நீங்ககூட இப்ப எழுதிக்கிட்டீங்களே, அதேதான்.”