ஆடை கட்டிய பால்

மலைக்கு மலை ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்த காலமாம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் அறை வரிசையான லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டில். கொட்டிலில் ரெண்டே பசு. ஒன்று நாகலெட்சுமியுடையது, மற்றது பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டில் வாசலில் ஒரே கூட்டம்.

“ராத்திரி ஊறப்போட்ட புண்ணாக்கு, விடிஞ்சு பாத்தா பாதிதான் இருக்கு தலைவரே! இன்னைக்கு நேத்தா நடக்குது இது?”

நாகலெட்சுமி வாளியைக் கவிழ்த்துக் காட்டாத குறை.

தோட்டத்துத் தலைவர் சோலைமலை தலையைச் சொறிந்தார். “மாடு எட்டித் தின்னிருக்கும்மா.”

“மூடி போட்டு, மூடி மேல கல்லு வச்சிருக்கேன். கல்லத் தூக்கிட்டுத் திரும்ப வைக்க மாட்டுக்குக் கையா இருக்கு?”

கூட்டம் சிரித்தது. நாகலெட்சுமி யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்த பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை. கொட்டிலில் களவு செய்தவர் தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட வேண்டும், அது லயத்துக் கட்டுப்பாடு. அந்தப் பனியில் வெளியே கட்டினால் எந்த மாடும் தாங்காது. விதவை பேச்சியம்மாவுக்கு அந்த மாட்டை விட்டால் வேறு யாருமில்லை.

“பேச்சியம்மா, நீ என்ன சொல்றே?”

“நான் எடுக்கலீங்க.”

“வேற ஒன்னும் சொல்றதுக்கில்லையா?”

பேச்சியம்மா தன் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க சொல்ல வேணாம் தலைவரே, பாலே சொல்லும்!” என்று முன்னால் வந்தாள் நாகலெட்சுமி. “புல்லு வயித்த ரொப்பும். தவிடு தெம்பக் குடுக்கும். பால் கெட்டியாகணும்னா புண்ணாக்கு விழணும். இந்தக்கா வெட்டிப் போடுறது வெறும் மானாப் புல்லு. அந்தப் பால்ல எப்பிடி இந்தத் தடிமனுக்கு ஆடை?”

விரலை நீட்டிக் காட்டினாள்.

“நாயந்தான்” என்றார் சோலைமலை. “ஆமா, அந்த ஆடைய நீ எங்க பாத்தே?”

“என் சின்னவன் வாயில! நேத்து மத்தியானம், வேலைக்குப் போறப்ப பிள்ளைகள விடுற பிள்ளைக் காம்பராவுக்கு அவனத் தூக்கப் போறேன், மேலுதட்டுல மீசையாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் குடுத்துவிட்டது வெறும் தேத்தண்ணி. அங்க ஆயா வேல பாக்குறது இந்தக்காதான். பெறகு யாரு மாட்டுப் பாலு அது?”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

 

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் புருசன் அழகுமுத்து மெல்ல வந்தான்.

“புண்ணாக்க எடுத்து அந்த மாட்டுக்கு வச்சது நாந்தாங்க. அக்காவுக்குக்கூடத் தெரியாது.”

“ஏங்க!” என்றாள் நாகலெட்சுமி.

“நம்ம மாடு கறக்குற பால் சொட்டு விடாம பஜாருல மீராசாஹிப் கடைக்குப் போகுது. நம்ம பிள்ள குடிக்கிறது அந்த மாட்டுப் பாலு. தண்ணியாட்டம் இருந்துச்சு. பெத்த பிள்ள குடிக்கிற பால் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டுமேன்னுதான்...”

நாகலெட்சுமி பேச்சியம்மா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

“திருடின்னு சொன்னப்பவாச்சும் பால் குடுக்குறத வாயத் தொறந்து சொல்லக் கூடாதாக்கா?”

“சொன்னா நீ ரோசப்பட்டு வேணாம்பே. பிள்ளைக்கில்ல பால் நின்னு போகும்?”

சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கூட்டமும் அவர் பின்னாலேயே கலைந்தது. பேச்சியம்மா புல் அறுக்கக் கிளம்பினாள். அழகுமுத்து மட்டும் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான்.

நாகலெட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தவிடு கலந்து வச்சீங்களா?”

“இல்ல.”

“உப்பு?”

“அதுவும் இல்ல.”

“வெறும் புண்ணாக்க வச்சா அந்த மாட்டு வயிறு என்னத்துக்காகும்? ஒன்னும் தெரியாத மனுசன்!”

வாளியில் ரெண்டு கை தவிட்டையும் ஒரு பிடி உப்பையும் அள்ளிப் போட்டுக் கலக்கித் தூக்கிக்கொண்டு, பேச்சியம்மா மாடு கட்டியிருந்த பக்கம் நடந்தாள்.