காதில் விழுந்தது

தணிகைவேலின் தலையிலிருந்து ரசாயன ஆலை நினைவுகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. ஆலை மீதான வழக்கில், ஓய்வுபெற்ற மேலாளருக்குத் தெரிந்தது கம்பெனிக்கும் தெரிந்ததுதான், அதைக் கொண்டுவந்து தருவது கம்பெனியின் கடமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடுத்த நாளிலிருந்து அவர் ஊட்டினால் சாப்பிடுகிறார், பேசுவதில்லை.

இன்று கம்பெனியின் சட்டப் பிரிவுப் பெண் மறுபடியும் வந்து அவர் மனைவி கோமளாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார் ஆபீஸ் விஷயமெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது உங்ககிட்ட சொல்லியிருக்காரும்மா. அதனால உங்ககிட்டயும் எடுக்கணும்."

"அவரு பாட்டுக்குப் பேசுவாரு. நான் 'உம்'னு சொல்லிக்கிட்டே ரசம் ஊத்துவேன். எதையும் காதுல வாங்கினதில்லம்மா."

"காதுல விழுந்திருந்தாலே போதும்."

"சரி, எடுத்துக்கோங்க."

"சாப்பிடும்போது கூட வேற யாராவது இருப்பாங்களா?"

சமையலறையில் மகள் அருணா அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது.

"யாருமில்ல. நாங்க ரெண்டு பேருதான்" என்றாள் கோமளா.

அந்தப் பெண் தலை நிமிராமல், வருத்தத்தோடுதான் சொன்னாள்: "சாரோட நினைவுல மூணு தட்டு இருக்கும்மா."