டோக்கன் மெஷின் பழுது

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்!”

அந்த டோக்கன் மெஷினிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டு டோக்கன் எடுத்துவந்து ஆஸ்பத்திரி மேனேஜரின் மேஜைமேல் போட்டேன். எரிச்சல் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. இந்த வாரத்தில் இது நாலாவது புகார். மெஷின் கம்பெனி மெக்கானிக் நான், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன். வந்து பார்த்தால் மெஷின் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் சந்தேகம்தான். கவுன்ட்டர்ல இருக்காங்களே அந்தம்மா, அவங்க வேலைதான் இது. மெஷின் ஒழுங்கா ஓடினா தன் வேலை போயிடுமேன்னு பயம். நீங்க ‘பழுதே இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இன்னைக்கே அவங்களை வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

நன்றாக அனுபவிக்கட்டும் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டே எழுதுவோம் என்று, நோயாளியோடு நோயாளியாக ஹால் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். திரையில் நாலு தட்டு தட்டினாள். டோக்கன் கையில். கவுன்ட்டர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தவர் ஆறடி உயரம். முறுக்கு மீசை. சட்டைப் பையில் பேனா வேறு. மெஷின் முன்னால் நின்றார். திரையைப் பார்த்தார். பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். விரலை நீட்டினார், மடக்கிக்கொண்டார்.

“அண்ணே! அது பழுது அண்ணே! இங்க வாங்க!”

அக்காவின் குரலில் ஹாலே அதிர்ந்தது.

மீசைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! “நான் அப்பவே நினைச்சேன். இந்த மெஷினை எல்லாம் நம்பவே கூடாதுங்க” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிக்கொண்டே கவுன்ட்டருக்குப் போனார்.

அக்கா விவரம் கேட்டுப் பதிந்து டோக்கனைக் கொடுத்தாள். “அதோ, பச்சைச் சட்டை போட்டவர் எழுந்து உள்ள போவார் பாருங்க. அவருக்கு அடுத்து நீங்க அண்ணே.”

எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கவுன்ட்டருக்குப் போனேன்.

“ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்தப் பொண்ணுக்கு வேலை செஞ்ச மெஷின், அடுத்த நிமிஷமே அவருக்கு எப்படிப் பழுதாச்சு?”

அக்கா பதறிப்போய், பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீசைக்காரரைப் பார்த்தாள். “மெதுவா பேசுங்க தம்பி.”

“எதுக்கு மெதுவா? எல்லாருக்கும் தெரியட்டும்! மேனேஜர் என் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கார். பழுது இல்லைன்னு நான் எழுதினா உங்க வேலை காலி. தெரியுமா?”

அவள் கண் கலங்கிவிட்டது. மீசைக்காரர் டாக்டர் அறைக்குள் போய், கதவு சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அவருக்குப் படிக்கத் தெரியாது தம்பி.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“விரலை நீட்டிட்டு மடக்குவாங்க. தினம் பார்க்கிறேனே. இத்தனை பேர் முன்னாடி ‘படிக்கத் தெரியுமா’ன்னு கேட்கச் சொல்றீங்களா? பழுதுன்னு சொன்னா மானம் போறது மெஷினுக்குத்தானே. அதுக்கு என்ன ரோஷமா வரப்போகுது?”

நான் கொஞ்சம் இறங்கினேன். “சரி, அதுக்கு எனக்கு எதுக்குப் புகார் அனுப்பறீங்க?”

“நான் எங்க அனுப்பறேன்? கையால டோக்கன் குடுத்தா இந்தக் கம்ப்யூட்டர் காரணம் கேட்குது. அதுல இருக்கிறதே ஒரே காரணம், ‘மெஷின் பழுது’. வேற எதை அமுக்கறது? ஒரு நாள்ல எத்தனை தடவை அமுக்கினாலும் சேர்த்து ஒரே புகாரா அதுவே உங்களுக்கு அனுப்பிடுது போல. போன மாசம் நெஞ்சு வலின்னு ஒருத்தங்க வந்தாங்க. மெஷின் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க. யாரையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போயிட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தக் கத்தல். மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி. பாதிப் பேரை அது பார்த்துக்கிறதாலதான் மீதிப் பேரை நான் பார்க்க முடியுது. அதுக்கு ஒரு வாய் மட்டும் இருந்திருந்தா, நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தப்போறேன்?”

எனக்குச் சுருக்கென்றது.

போய் மெஷினைத் திறந்தேன். உள்ளே இருந்த ஒரு சுவிட்சைப் போட்டேன்.

“வணக்கம். காய்ச்சலா? பச்சைக் கட்டத்தைத் தொடுங்கள். அடிபட்டதா? சிவப்புக் கட்டத்தைத் தொடுங்கள்” என்றது மெஷின், கணீரென்று.

ஹாலே திரும்பிப் பார்த்தது. அக்கா இருக்கையை விட்டு எழுந்தேவிட்டாள். “அடடே, இது பேசுமா!” அப்படிச் சிரித்தாள், என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மேனேஜர் அறைக்குப் போய் ரிப்போர்ட் எழுதினேன். “நாலு புகாரும் உண்மை. மெஷினின் குரல் அணைக்கப்பட்டிருந்தது. இன்று சரிசெய்யப்பட்டது. கவுன்ட்டர் ஊழியர்மீது எந்தத் தவறும் இல்லை.”

படித்துவிட்டு மேனேஜர் குதித்தார். “குரலை அணைச்சது யாருங்க? அந்தம்மாதானே? விடாதீங்க, அதையும் எழுதுங்க!”

எழுதினேன்.

“மெஷினைப் பொருத்திய அன்றே, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று குரலை அணைத்தவர், கீழே கையெழுத்திட்டிருப்பவர்.”