கறையான் ஏற்றிய செம்பு

செம்புத் தாது தேடி ஒரு பொட்டல்காட்டுக்கு, ஆழத் துளை போடும் போர் வண்டி வந்து நின்றது. நெற்றியில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துப் புற்றிலிருந்து சின்னி என்ற கறையான் எட்டிப் பார்த்தது. "அண்ணே, நீங்க தேடுற பச்சைக் கல்லு எங்க வீட்டுக்கு அடியிலதான் கிடக்கு. தினம் வாயில கவ்விட்டு வர்றோம்."

"முந்நூறு அடி ஆழம் போறவனுக்கு நீ வழி சொல்றியா?" என்று உறுமியது வண்டி.

சின்னி அடுத்த நடைக்குப் போய்விட்டது.

வண்டி மூன்று துளை போட்டது. மூன்றிலும் வெறும் சாம்பல் புழுதி. நாலாவதும் பொய்த்தால் மூட்டை கட்டச் சொல்லி உத்தரவு. கலங்கிப்போன வண்டி ஆட்கள் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினார்கள். பால் வழிந்த இடத்தில் மண் கரைந்து, பச்சைப் பொடிக்கற்கள் மின்னின. பாறை பார்க்கும் அம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "செம்புத் தாது! இங்கேதான்!" என்று கத்தினாள்.

வண்டி நேரே புற்றின்மேல் ஏறப் பார்த்தது. ஆட்கள் குறுக்கே பாய்ந்தார்கள். "புத்தை இடிச்சா உருப்படுவோமா? தள்ளி நின்னு சாய்ச்சுத் துளை போடு!"

வண்டியின் நெடிய கம்பம் மெல்லச் சாய்ந்தது. மாலை நழுவிப் புற்றின்மேல் விழுந்தது. சாய்வாக இறங்கிய துளைக்குள்ளிருந்து பச்சை ஓடிய கல் உருளை உருளையாக வந்தது.

மாலைமேல் ஏறி நின்று சின்னி சொன்னது: "இன்னும் கொஞ்சம் குனியுங்க அண்ணே."