கிணற்றின்மேல் தேநீர்

எண்ணெய்க் கிணறுகளை மூடுவதற்காகவே சமுதாயக் கல்லூரிகள் சுரங்க, பெட்ரோலியத் தொழில்நுட்பம் கற்பித்த காலம் அது. இறுதித் தேர்வில், மாணவர் மூடிய கிணற்றின்மேல் அவர் வீட்டார் ஒருவர் அடுப்பு மூட்டித் தேநீர் காய்ச்ச வேண்டும். வாயு கசிந்தால் தீப்பற்றும். வீட்டார் துணியாவிட்டால் தேர்ச்சி இல்லை.

தான் மூடிய கிணற்றருகே நின்ற செங்கமலம், கணவர் தியாகேசனைப் பார்த்தாள்.

“கொழம்புக்கு உப்புப் போட மறக்குறவ நீ. இதுல எதையாச்சும் மறந்துட்டியா?” என்றார் அவர்.

“பயமா இருந்தா வீட்டுக்குப் போங்க. அடுத்த வருசம் எழுதிக்கிறேன்.”

அவர் தீக்குச்சியைக் கிழித்தார். அடுப்பைத் தவிர வேறெங்கும் தீப்பற்றவில்லை. தேர்வாளர் தேநீரைப் பருகி, முகம் சுளித்து, “பாஸ்” என்றார்.

செங்கமலமும் ஒரு வாய் குடித்தாள். “என்னங்க, சீனி போடலையா?”

அதன்பிறகு தியாகேசன் உப்பைப் பற்றிப் பேசியதே இல்லை.