வாய்க்கு வந்த வசனம்

"அடுத்த நாடகத்துல ஆரோக்கியமேரி கிடையாது. முடிவு பண்ணிட்டேன்" என்றார் ஸ்ரீரங்கன்.

மயிலாப்பூரில் நாடகக் குழு நடத்துபவர். மேடைக்குப் பின்னால் நடக்கும் கூத்துகளை வைத்து, வசனமே இல்லாத நகைச்சுவைப் படம் ஒன்றைத் தன் குழுவினரை வைத்தே எடுத்திருந்தார். அதில் நாடக முதலாளியும் அவர்தான். இன்று தி.நகரில் ஒரு சின்ன அரங்கில் முதல் காட்சி.

"ஏன் சார்? மேரியம்மா நல்லாத்தானே நடிச்சிருக்காங்க?" என்றான் படத்தை எடிட் செய்த ஆசிஃப்.

"வாய் ஜாஸ்திப்பா. ஒத்திகைல ஒண்ணு சொன்னா ஒம்பது பேசறா. படத்துலயும் பாரு, என்னைத் திட்டற சீன்னா அவளுக்கு என்ன சந்தோஷம். கனகராஜைப் பாரு, கால்ல விழற சீன்ல முகத்துல எவ்வளவு மரியாதை. குழுவை இனிமே அவன்கிட்டதான் ஒப்படைக்கப் போறேன்."

விளக்கை அணைத்தார்கள்.

படத்தில் ராஜா வேஷம் போட்டவரின் வேட்டி திரைச்சீலையோடு சேர்ந்து மேலே போனது. அரங்கமே சிரித்தது.

கனகராஜ் முதலாளி காலில் விழுந்து, கண் கலங்க ஏதோ சொல்லும் காட்சி வந்தது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஆசிஃபின் மனைவி தூபா மட்டும் பக்கென்று சிரித்துவிட்டாள்.

அடுத்து, மேரி இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு முதலாளியைப் பிடிபிடியென்று பிடிக்கும் காட்சி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் ஸ்ரீரங்கன் ஆசிஃபை ஓரமாக அழைத்தார்.

"உன் ஒய்ஃப் ஏம்ப்பா, எல்லாரும் சிரிக்கறப்போ அழறா, உருகறப்போ சிரிக்கறா? படம் புரியலையா?"

"அவளுக்குக் காது கேட்காது சார். உதடு அசையறதை வெச்சே யார் என்ன பேசறாங்கன்னு கண்டுபிடிச்சிடுவா."

ஸ்ரீரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எதுவும் பதிவாகப் போறதில்லை, வாய்க்கு வந்ததைப் பேசுங்கோ' என்று படப்பிடிப்பில் சொன்னவரே அவர்தான். நடிப்பவர்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டதில், பக்கத்திலேயே நின்ற அவர் காதிலும் எதுவும் விழவில்லை.

"அப்போ கனகராஜ் என்ன சொன்னான்?"

ஆசிஃப் சைகையில் கேட்டான். தூபா தயங்கித் தயங்கி விரல்களை அசைத்தாள்.

"வேணாம் சார், விடுங்க."

"பரவால்ல, சொல்லு."

"'கிழவா, நீ எப்பய்யா எடத்தைக் காலி பண்ணுவே'ன்னு..."

ஸ்ரீரங்கனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கால்ல விழுந்தவனே இப்படின்னா, மேரி என்னவெல்லாம் பேசியிருப்பா. அதையும் கேட்டுடு."

இந்த முறை தூபா தயங்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்து ஆசிஃப் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"'இன்னா சார் நீ, காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னாம நின்னுகினே கீற? சக்கர மாத்திர போட்டியா இல்லியா? உனுக்கு எதுனா ஆயிட்ச்சின்னா, அப்பால எங்களுக்கு யாரு கீறா?'"